பெயின்ட் அடித்தால் போய்விடுமா பூஞ்சணம்?

தெஹிவளையில் என் தங்கை குடும்பம் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸின் பின்னறைக்குள் நுழையும்போதே ஒரு வாசம் வரும். நனைந்த சாக்கை மடித்து ஒரு மூலையில் போட்டு மறந்துவிட்டால் சில நாட்களில் வருமே, அந்த வாசம். உள்ளே இருப்பவர்களுக்கு அது பழகிப் போயிருந்தது. வெளியிலிருந்து போகிறவர்களின் மூக்கில்தான் அடிக்கும். தங்கை சாம்பிராணி புகைத்துப் பார்த்தாள். வாசனைத் திரவியம் தெளித்துப் பார்த்தாள். இரண்டு வாசமும் கலந்து இன்னும் மோசமானதுதான் மிச்சம்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் மழை விடாது பெய்த ஒரு கிழமை நான் அங்கே தங்க நேர்ந்தது. இரவில் அவளுடைய மூன்று வயது மகன் இருமிக்கொண்டே இருந்தான். இருமலுக்கு இடையில் நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போன்ற சத்தம். டொக்டர் இழுக்கும் மருந்து கொடுத்திருந்தார். பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் நின்றால் அந்த மருந்து தேவைப்படுவதில்லை. திரும்பிப் போனால் தேவைப்படுகிறது. இதை எல்லோரும் கவனித்திருந்தோம். காரணத்தை ஒருவரும் தேடவில்லை.

காலையில் ஒரு சாமான் விழுந்துவிட்டதென்று அல்மாரியைச் சற்று முன்னுக்கு இழுத்தோம். அதன் பின்னால் சுவர் முழுவதும் கறுப்பும் கரும்பச்சையுமாய்ப் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது. அல்மாரியின் பின்பலகையிலும் அதே கோலம். உள்ளே தொங்கிய அபாயாவின் தோள்பட்டையில் சாம்பல் தூவியது போல வெள்ளைப் படலம். தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏனென்றால் அவளுடைய மாமி முந்திய மாதம்தான் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்:

"எங்கட காலத்துல ஊட்டுச் செவுத்துல ஒரு பொட்டுக் கறுப்பு ஈக்கல்ல. கூட்டித் துடைச்சி வெச்சா இதெல்லாம் ஏன் வருது?"

வீட்டுக்காரர் சொன்னது வேறு விதம். "நீங்க யன்னலத் தொறக்கிறல்ல. உடுப்பயெல்லாம் உள்ளுக்கே காயப் போடுறீங்க. ஒரு கோட் பெயின்ட் அடிச்சித் தாரேன், சரியாப் போகும்." மூன்று வருடத்தில் அவர் இரண்டு தடவை பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு தடவையும் அடுத்த மழைக்கு முன்பே புள்ளிகள் மேலே வந்துவிட்டன.

மழைக்கால ஊர்களில் வாழும் நம் சகோதரிகள் பலருக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. சுவரில் பூஞ்சணம் பிடித்தால் அந்த வீட்டுப் பெண் துப்புரவில்லாதவள் என்ற பேச்சு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அதனால் அவள் அதை மறைக்கிறாள். அல்மாரியை அண்டி வைக்கிறாள், படம் மாட்டுகிறாள், பெயின்ட் பூசுகிறாள். மறைத்ததன் பின்னால் அது நிம்மதியாக வளர்கிறது.

ரொச்டேலில் நடந்தது

மறைப்பதில் என்ன கெடுதி என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மன்செஸ்டருக்கு அண்மையில் ரொச்டேல் என்ற ஊர். சூடானிலிருந்து வந்து குடியேறிய ஒரு தம்பதியர் அங்கே ஒரு வீட்டுவசதி நிறுவனத்தின் சிறிய மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது என்று 2017இல் கணவர் முறையிட்டார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. 2018 டிசம்பரில் அவர்களுக்கு அவாப் இஸ்ஹாக் என்ற ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை அந்த வீட்டிலேயே வளர்ந்தது. தந்தை திரும்பத் திரும்ப முறையிட்டார். இரண்டு வயது நிறைந்து சில நாட்களில், 2020 டிசம்பர் 21ஆம் திகதி, அவாப் இறந்து போனான்.

2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தன் முடிவை அறிவித்தார். நீண்டகாலம் வீட்டுப் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் ஏற்பட்ட கடுமையான சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்பது அவரது தீர்ப்பு. வீட்டில் காற்றோட்டம் போதாமல் இருந்ததையும் அவர் எடுத்துச் சொன்னார். நம்மை அதிகம் உறுத்துவது இன்னொன்று. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான், குறிப்பாக அவர்கள் குளிக்கும் முறைதான் ஈரத்துக்குக் காரணம் என்று நிறுவனத்தார் தாமாகவே ஊகித்திருந்தார்கள். அந்த ஊகம் தவறென்று பின்னர் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

பெற்றோரின் விடாமுயற்சியால் 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தக் குழந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் அந்த விதிகள் 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உயிருக்கு உடனடி ஆபத்தான குறைபாட்டை 24 மணித்தியாலத்துக்குள் கவனிக்க வேண்டும். பாரதூரமான ஈரம், பூஞ்சணம் பற்றிய முறைப்பாட்டை 10 வேலை நாட்களுக்குள் வந்து பரிசோதிக்க வேண்டும். இங்கிலாந்தில் சமூக வீடுகளை வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கு இது கட்டாயம்.

எல்லாப் பூஞ்சணமும் இப்படி உயிரைப் பறிப்பதில்லை. பயமுறுத்துவதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடத்தில் வாழ்பவர்களுக்கு இருமல், மூச்சிழுப்பு, சுவாசத் தொற்றுக்கள் வரும் வாய்ப்பும் ஆஸ்துமா கூடும் வாய்ப்பும் அதிகம். கைக்குழந்தைகள், முதியவர்கள், ஏற்கனவே முட்டு வருத்தம் உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோரைத்தான் முதலில் தாக்கும். இவ்வளவு பூஞ்சணம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவை அந்த வழிகாட்டி குறிக்கவில்லை. இருந்தால் அகற்று, ஈரத்தை நிறுத்து என்பதே அதன் ஆலோசனை.

அது எங்கிருந்து வருகிறது?

பாடசாலைப் புத்தகங்களில் பங்கசு என்று படித்தோமே, அந்த இனம்தான் இது. அதன் வித்திகள் கண்ணுக்குத் தெரியாத தூளாக எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. மாளிகையிலும் உண்டு, குடிசையிலும் உண்டு. அவற்றைக் கூட்டித் துடைத்து ஒழித்துவிட முடியாது. (1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்ததும் இப்படிக் காற்றில் வந்து விழுந்த ஒரு பூஞ்சணத்தால்தான். ஆகவே இந்த இனத்தையே சபிக்கவும் மனம் வரவில்லை.)

வித்தி விழுந்தால் மட்டும் போதாது. வளர்வதற்கு உணவும் தண்ணீரும் வேண்டும். உணவுக்குப் பஞ்சமில்லை, பெயின்ட், பலகை, கடதாசி, தோல், துணி, சுவரில் படிந்த தூசு, எல்லாமே அதற்குச் சாப்பாடுதான். நம் நாட்டு வெப்பமும் அதற்கு நன்றாகப் பிடிக்கும். நமது கையில் மிஞ்சியிருப்பது தண்ணீர் ஒன்றுதான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது. அதற்குமேல் ஈரம் நின்றால் பிடிக்கத் தொடங்கும். எனவே கறுப்புப் புள்ளியைக் கண்டவுடன், இங்கே தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் வீட்டுக்குள் ஈரப்பதனை 60 சதவீதத்துக்குக் குறைவாக, முடிந்தால் 30க்கும் 50க்கும் இடையில் வைத்திருங்கள் என்று எழுதியிருக்கும். கொழும்பிலோ காலியிலோ பேருவளையிலோ வெளிக்காற்றின் ஈரப்பதனே பெரும்பாலான நாட்களில் 70ஐத் தாண்டிவிடுகிறது. குளிரூட்டி இல்லாத வீட்டில் அந்தக் கணக்கை நாம் பிடிக்க முடியாது. நாம் செய்யக்கூடியது சுவரும் சாமானும் நனையாமல் பார்ப்பது, அவற்றின்மேல் காற்று ஓட விடுவது, வெயில் வந்தால் அதைத் தவறவிடாமல் இருப்பது.

சுவருக்குத் தண்ணீர் வரும் வழிகள் மூன்று. முதலாவது மழை. கூரை ஓடு உடைந்திருக்கும், பீலி அடைத்திருக்கும், ஸ்லெப்பில் தண்ணீர் தேங்கியிருக்கும், யன்னல் நிலையின் ஓரத்தில் வெடிப்பு இருக்கும். பூஞ்சணம் மேற்சுவரிலும் சீலிங்கிலும் இருந்தால் முதலில் இவற்றைச் சந்தேகியுங்கள். குளியலறைச் சுவருக்குள் ஓடும் குழாயின் கசிவும் இதில் சேர்த்திதான். மழையில்லாத மாதத்திலும் ஒரே இடம் நனைந்திருந்தால் குழாயைப் பாருங்கள்.

இரண்டாவது நிலம். அத்திவாரத்துக்கு மேலே தார் பூசி ஈரத்தை மறிக்கும் படை போடாத பழைய வீடுகளில் மண்ணிலிருந்து ஈரம் மெல்ல மேலேறும். பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்குள் நின்றுவிடும். அங்கே பூச்சு உதிர்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்த வெள்ளை பெரும்பாலும் பூஞ்சணம் இல்லை, உப்பு. ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், உப்பென்றால் கரைந்துவிடும். அக்குறணை, மாவனல்லைப் பக்கம் மலையை வெட்டி வீடு கட்டியவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. பின்சுவரை ஒட்டியே மண் நிற்கும். அந்தச் சுவர் எப்போதும் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டிருப்பது போல. மண்ணுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு காண் வெட்டித் தண்ணீரை ஓடவிடாமல் உள்ளே எத்தனை கோட் அடித்தாலும் காசுதான் நஷ்டம்.

மூன்றாவது வழியை நாம் நினைப்பதேயில்லை. அது வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் நீராவி. ஒரு கணக்குச் சொல்கிறேன். சமையல் எரிவாயு எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. ஒரு கிலோ வாயுவுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். நாம் வாங்கும் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடியும்போது ஏறக்குறைய 20 லீற்றர் தண்ணீர், இரண்டு வாளி, ஆவியாகக் குசினிக் காற்றில் கலந்திருக்கும். சோறு வடிப்பது, ஆணம் கொதிப்பது இதில் சேரவில்லை. இவற்றோடு நமது மூச்சு, வெந்நீர்க் குளியல், ஐந்து வேளை வுழூச் செய்த ஈரக் கால்களுடன் அறைக்குள் வருவது, நனைந்த கால்மிதி, மழைநாளில் அறைக்குள் கட்டிய கொடியில் தொங்கும் உடுப்புகள். இந்த ஆவியெல்லாம் குளிர்ந்த சுவரைத் தேடிப்போய்ப் படிகிறது. அல்மாரிக்குப் பின்னால் உள்ள வெளிச்சுவர்தான் அதற்கு நல்ல இடம். குளிர்ச்சி, இருட்டு, காற்றும் கிடையாது.

குளிரூட்டி பூட்டியவர்கள் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். அறையை அளவுக்கு மீறிக் குளிரவைத்தால் அந்தச் சுவரின் மறுபக்கம் உள்ள அறையில் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். குளிரூட்டி பூட்டியவுடன் மேலே இருந்த காற்றுத்துவாரங்களைக் கடதாசி மட்டை வைத்து அடைப்பதும் வழக்கம். பிறகு மின்கட்டணத்துக்குப் பயந்து குளிரூட்டியைப் போடாமல் விடுவார்கள். அடைத்த துவாரம் அப்படியே இருக்கும்.

பொலித்தீன் சொன்ன பதில்

தங்கையின் வீட்டில் யார் சொன்னது சரி? மாமியா, வீட்டுக்காரரா? ஒரு சுலபமான சோதனை செய்து பார்த்தோம். ஓரடிச் சதுரமான பொலித்தீன் துண்டு ஒன்றைத் துடைத்து உலரவிட்ட சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். பொலித்தீனுக்கும் சுவருக்கும் இடையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பொலித்தீனின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றிலிருந்து படிகிறது.

பின்சுவரில் ஒட்டிய துண்டின் உட்பக்கம் நன்றாக நனைந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்கும் இந்தச் சுவருக்கும் இடையில் இரண்டடி ஒழுங்கை. மேலே பீலி உடைந்து, மழைத் தண்ணீர் முழுவதும் அந்த ஒழுங்கையில் கொட்டுகிறது. கீழே யாரோ சீமெந்து போட்டு உயர்த்தியதில் ஒழுங்கையின் மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்து போயிருக்கிறது. தண்ணீர் ஓட வழியில்லாமல் சுவரைத்தான் நனைக்கிறது. இதைத் தும்புத்தடியால் கூட்டித் துடைத்து யார் தடுப்பது?

ஆனாலும் வீட்டுக்காரர் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை. குளியலறைப் பக்கச் சுவரில் ஒட்டிய இரண்டாவது துண்டின் வெளிப்பக்கம் நனைந்திருந்தது. அது நாள்தோறும் உள்ளே காய்ந்த உடுப்பின் ஈரம். தங்கையும் அதை ஒப்புக்கொண்டாள். ஒழுங்கையை நோக்கிய யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஆண்களின் பார்வை, மாலையானால் நுளம்பு. திறக்கச் சொல்வது இலேசு.

இந்த யன்னல் விடயத்தைப் பலர் பேசுவதில்லை. பெண்களின் மறைவுக்காக நம் வீடுகள் பலவற்றில் யன்னல்கள் பகலெல்லாம் மூடியே கிடக்கின்றன. பழைய வீடுகளிலும் மறைவு இருந்தது. ஆனால் நடுவில் முற்றம் இருந்தது, வாசற்கதவுகளுக்கு மேலே காற்றுத்துவாரம் இருந்தது, கூரை உயரமாக இருந்தது, ஓடுகளின் இடையிலும் காற்றுப் போனது. இப்போது முற்றத்தை ஸ்லெப் போட்டு மூடி அறையாக்கிவிட்டோம். மறைவை மட்டும் வைத்துக்கொண்டு காற்றை விட்டுவிட்டோம். புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒவ்வோர் அறையிலும், எதிரெதிர்ச் சுவர்களில், ஆள் உயரத்துக்கு மேலே, நுளம்பு வலை அடித்த காற்றுத்துவாரம் வையுங்கள். அதனூடாக ஒருவரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

யன்னல் திறக்கவும் நேரம் இருக்கிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போதும் நள்ளிரவிலும் திறந்தால் ஈரக்காற்றுத்தான் உள்ளே வரும். வெயில் எறிக்கும்போது, காலை பத்து மணியிலிருந்து அஸர் வரை, அறைக் கதவுகளையும் அல்மாரிக் கதவுகளையும் சேர்த்துத் திறந்து வைப்பது பிரயோசனம். சமைக்கும்போதும் குளித்த பின்பும் மட்டும் நேரம் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஆவி எப்படியும் வெளியே போக வேண்டும்.

எப்படித் துப்புரவு செய்வது?

ஈரம் வரும் வழியை அடைத்த பிறகுதான் துடைக்க வேண்டும் என்றாலும், பிள்ளைகள் படுக்கும் அறையில் அதுவரை காத்திருக்க முடியாது. மூன்றடிக்கு மூன்றடி அளவான இடமென்றால் நாமே செய்யலாம். அதைவிடப் பெரிதென்றால், அல்லது சுவர்ப்பூச்சு ஊறிப்போயிருந்தால், அனுபவமுள்ள பாஸ் ஒருவரைக் கொண்டு பூச்சைக் கொத்தி எடுப்பதே நல்லது. முட்டு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த வேலைக்குப் போக வேண்டாம். பிள்ளைகளை அன்றைக்கு உம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

உலர்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்டுவதும் பிரஷ்ஷால் சுரண்டுவதும் பெரும் தவறு. ஒரு சுவரில் இருந்ததை வீடு முழுவதும் தூவிவிடுவதாக முடியும். மின்விசிறியை நிறுத்தி, அறைக் கதவை மூடி, வெளி யன்னலைத் திறந்து, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்றி, முடிந்ததும் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் ஒரு தடவை துடைத்து, விசிறியைச் சுவரின் பக்கம் திருப்பி நன்றாக உலரவிடுங்கள். துடைத்ததோடு விட்டு உலரவிடாவிட்டால் பூஞ்சணத்துக்குத் தண்ணீர் வார்த்த கதைதான்.

குளோரீன் திரவம் பற்றிப் பலரும் கேட்பார்கள். டைல்ஸ், கண்ணாடி போன்ற வழவழப்பான இடங்களுக்கு ஒரு கலன் தண்ணீரில் ஒரு கோப்பைக்கு மேற்படாமல் கலந்து பாவிக்கலாம். சுவர்ப்பூச்சு, பலகை போன்ற உறிஞ்சும் பொருட்களில் அது நிறத்தை வெளுக்கச் செய்யும், உள்ளே இறங்கிய வேரை எட்டாது. போய்விட்டது என்று நாம் ஏமாறுவோம். இன்னொரு விடயத்தை எழுத்தைப் பெரிதாக்கி எழுதச் சொன்னாலும் எழுதுவேன்: குளோரீன் திரவத்தை மலசலகூடம் கழுவும் அமிலத்துடனோ, வினாகிரியுடனோ, அமோனியா கலந்த திரவத்துடனோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். மூடிய குளியலறைக்குள் அது உயிராபத்து. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டின் அடியில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதையும் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அதில் கிளம்பும் தூசு பூஞ்சணத்தைவிடப் பொல்லாதது.

நனைந்து பூஞ்சணம் பிடித்த பஞ்சு மெத்தை, ஸ்பொஞ்ச் தலையணை ஆகியவற்றை மீட்பது கஷ்டம். மனம் வராவிட்டாலும் எறிவதே நல்லது. துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். கல்யாணச் சாரியைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வைப்பவர்கள் ஈரத்தையும் சேர்த்தே கட்டி வைக்கிறார்கள். பருத்தித் துணியில் சுற்றி, மழைக்காலம் முடிந்ததும் எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். அந்துருண்டை பூச்சிக்கு மட்டுமே. பூஞ்சணம் அதைக் கணக்கெடுக்காது. குர்ஆனும் கிதாபுகளும் வைக்கும் தட்டை வெளிச்சுவரில் அடிக்காமல் உட்சுவரில் அடிப்பது நல்லது. புத்தகங்களை நெருக்கி அடுக்காமல் விரல் நுழையும் இடம் விட்டு வையுங்கள். முஸல்லாவை ஈரக் காலோடு மிதித்தால் மடித்து வைக்காமல் கொடியில் போடுங்கள். அல்மாரி எதுவானாலும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியே நிற்கட்டும்.

குசினிப் பக்கம் ஒரு வார்த்தை. செத்தல் மிளகாய், நிலக்கடலை, கொப்பரை, மாசி ஆகியவற்றில் பூஞ்சணம் கண்டால் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்துப் பாவிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் இறந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணம். அப்போது கண்டறியப்பட்ட அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். சாதாரணமாகச் சமைப்பதால் அழியாது. பாணில் ஓர் ஓரத்தில் பச்சை தெரிந்தால் முழுப் பாணையும் எறியுங்கள்.

வெள்ளம் புகுந்த வீடுகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பிங்கா ஓயா பெருகும் ஒவ்வொரு தடவையும் அக்குறணைக் கடைவீதி மக்களும், 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி மக்களும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியில் நாட்டின் பல பகுதி மக்களும் இதைப் பட்டறிந்தார்கள். சேறு கழுவியதும் பெயின்ட் அடித்துப் பழைய நிலைக்கு வந்துவிட மனம் துடிக்கும். கற்சுவர் குடித்த தண்ணீர் வெளியேறக் கிழமைகள் அல்ல, மாதங்களே செல்லலாம். அதுவரை பொறுங்கள். நன்கொடை கொடுப்பவர்கள் பெயின்ட் வாளியைவிட மேசை விசிறியைக் கொடுத்தால் அந்த நேரத்துக்கு உதவும் என்பது என் அபிப்பிராயம்.

தங்கையின் சுவர்

பீலியையும் ஒழுங்கையையும் வீட்டுக்காரரை அழைத்துக் காட்டினோம். பொலித்தீனையும் காட்டினோம். முதலில் முகம் கொடுக்கவில்லை. தங்கையின் கணவர் சண்டை பிடிக்காமல், பீலி செலவு உங்களுடையது, உள்வேலைக் கூலி என்னுடையது என்று சொன்னதும் இறங்கி வந்தார். பாஸ் வந்து பீலி மாற்றினார்; ஒழுங்கைச் சீமெந்தைக் கொத்தித் தாழ்த்தி, தண்ணீர் வெளிக்காணுக்கு ஓடும்படி சாய்வு வைத்தார். உள்ளே ஊறிய பூச்சை நான்கடி உயரத்துக்குக் கொத்தினார்கள். பெயின்ட் மட்டும் மூன்று பட்டை உரிந்து வந்தது.

புதுப் பூச்சுப் பூசியும் அவசரப்பட்டு நிறம் அடிக்கவில்லை. ஈரச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் கொப்புளம் போடும். எங்கள் மூத்தம்மா காலத்தில் ஒவ்வொரு நோன்புக்கும் முன்னால் சுண்ணாம்புதான் அடிப்பார்கள். சுண்ணாம்பில் காரம் உண்டு, பூஞ்சணத்துக்கு ஆகாது. சுவரும் அதனூடே மூச்சு விடும். மாமி சொன்ன அந்தக் காலத்தில் கறுப்புப் புள்ளி இல்லாமல் இருந்ததற்கு அதுவும், உயர்ந்த கூரையும், திறந்த முற்றமும் காரணமாயிருக்கலாம். இதைத் தங்கை அவரிடம் சொன்னபோது மாமி சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஓ, எங்கட ஊட்டுல முத்தம் இருந்திச்சிதானே" என்றாராம்.

மருமகன் இப்போது இரவில் இருமாமல் தூங்குகிறான். மழை தொடங்கினால் இன்னும் இழுக்கும் மருந்தை எட்டும் இடத்தில்தான் வைத்திருக்கிறாள். உடுப்புக் கொடி அறையிலிருந்து முன் தாழ்வாரத்துக்குப் போய்விட்டது. சுவருக்குப் பெப்ரவரியில்தான், நன்றாக உலர்ந்த பிறகு, வெள்ளை அடித்தார்கள். அல்மாரியை மட்டும் இன்னும் பழைய இடத்துக்குத் தள்ளவில்லை. அறைக்கு நடுவில் நின்று வழியை மறிக்கிறது என்று எல்லோரும் முணுமுணுக்கிறார்கள்.